இரண்டு மணி நேரம் குறைந்த நாய்

தனியார் விமானங்கள் மட்டும் வந்துபோகிற சின்ன டெர்மினல் அது. கண்ணாடிக் கதவு, தோல் சோபா, யாரும் குடிக்காத காபி மெஷின். மூலையில் ஒரு மேஜை. அதன்மேல் சிப் நம்பரைப் படிக்கும் கருவியும் நாலு ரப்பர் ஸ்டாம்பும். வெளிநாடு போகும் நாய்களின் காகிதங்களைச் சரிபார்க்க அங்கே உட்காருகிறவரை ஊழியர்கள் எதிரில் ‘சார்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘நாய் ஆபீசர்’ என்பார்கள். அவருக்கு அது தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

சொந்த விமானத்தில் சொந்த நாயைக் கொண்டுபோக யாரைக் கேட்க வேண்டும் என்று துள்ளுகிறவர்கள் வருவார்கள். விமானம் யாருடையதாக இருந்தால் என்ன, இறங்குகிற மண் அவர்களுடையது இல்லையே. முதலில் நாயின் கழுத்துத் தோலுக்குள் அடையாள சிப், அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி; வரிசை மாறினால் ஊசி போட்டும் போடாததுதான். அப்புறம் அந்த நாட்டின் அனுமதிக் கடிதம், குடற்புழு மருந்து கொடுத்த தேதி, மணி. இத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஊர் நாய்க்கெல்லாம் ஊசி போட்ட நாள் ஞாபகமிருக்கும், கல்யாண நாள் மட்டும் மறந்துபோகும் என்று மனைவி குத்திக்காட்டுவாள். ஐந்து வருடத்தில் அவர் அனுப்பிய நாய் ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை.

அதற்கு முன் இருபத்தாறு வருடம் சரக்கு விமானப் பிரிவில் குப்பை கொட்டியவர். அங்கே விமானம் யாருக்காகவும் நிற்காது. பூ வாடினாலும் மீன் நாறினாலும் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். தயாராகாத பெட்டி அடுத்த விமானத்தில் போகும். அந்தப் புத்தி அவரோடு இந்த மேஜைக்கும் வந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கடைசி நாட்களில் தன்னோடு இருக்கட்டும் என்று மகள் வெளிநாட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தாள். சாதாரண பயணிகள் விமானத்தில் அவரால் உட்கார முடியாது என்பதால் அவளுடைய முதலாளி தன் விமானத்தைக் கொடுத்திருந்தார். நாற்காலியின் பக்கத்திலேயே ஒரு கிழட்டு நாய் நடந்து வந்தது. எதற்கும் அசையாமல் கம்பீரமாக உட்காரும். வீட்டில் அதற்கு ‘மந்திரி’ என்று பெயர்.

சிப் சரி, ஊசி சரி, அனுமதி சரி. புழு மருந்தில்தான் இடித்தது. மருந்து கொடுத்து இருபத்துநாலு மணி நேரமாவது ஆன பிறகுதான் நாய் அந்த மண்ணில் இறங்கலாம். பயணத்தை ஒரு நாள் முன்னால் இழுத்ததில், டாக்டர் முந்தின நாள் மாலை ஏழு மணிக்குத்தான் கொடுத்திருந்தார். விமானம் காலை பதினொன்றுக்குக் கிளம்பி, நம் நேரப்படி மாலை ஐந்துக்கு இறங்கும். இரண்டு மணி நேரம் குறைந்தது.

நாய் போக முடியாது என்று ஆபீசர் சொன்னார். அங்கே போனால் பிடித்து அடைத்துவிடுவார்கள், இங்கேயே இருந்தால் அடுத்த வாரம் தானே அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்தார். முதலாளியின் விமானம், கிடைத்ததே பெரிசு என்ற கூச்சம் மகளுக்கு. அவள் எதுவும் கேட்கவில்லை. பெரியவர் நாயின் தலையில் கை வைத்து, “வந்துருடா” என்றார்.

அடுத்த வாரம் அனுப்ப முடியவில்லை. உடைமையாளர் உடன் வராமல் தனியாகப் போகிற நாய் சரக்காகிவிடும், அதற்குப் புது அனுமதி வேண்டும். எழுதிப்போட்டார், நினைவூட்டினார், தொலைபேசியில் கெஞ்சினார். மந்திரி அவர் வீட்டில் இருந்தது. மனைவி முதல் நாள் முணுமுணுத்தாள், மூன்றாம் நாள் சோறு பிசைந்து ஊட்டினாள்.

பத்தாம் நாள், பெரியவரை அழைத்துப்போன விமானத்தின் பைலட் வந்தார். பேச்சுவாக்கில் நாய் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஆபீசர் விதியை விளக்கினார்.

“ரெண்டு மணி நேரம்தானே சார்? சொல்லியிருந்தா ஒரு மணிக்குக் கெளம்பியிருப்பேனே. அன்னைக்கு எனக்கு அங்க போய்த் தூங்குறதத் தவிர வேற வேலையே இல்ல.”

அந்த டெர்மினலில் விமானங்கள் காத்து நிற்பதை ஆபீசர் தினமும் பார்க்கிறவர். சாப்பாடு முடியாத முதலாளிக்காக நின்றிருக்கிறது, முடி அலங்காரம் முடியாத அம்மாவுக்காக நின்றிருக்கிறது. ஒரு நாய்க்காக நிற்கும் என்று மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை. தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. அன்று அவர் எந்தக் காகிதத்திலும் ஸ்டாம்பு வைக்கவில்லை.

பதினேழாம் நாள் பெரியவர் போய்விட்டார். அனுமதிக் கடிதம் அதற்கும் பிறகுதான் வந்தது. மகள் போன் செய்தாள். குரலில் கோபமே இல்லை. நாய் இனி உங்க வீட்டிலேயே இருக்கட்டும் சார் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு இன்னொன்றும் கேட்டாள்.

“அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு சார், கொஞ்சம் நிக்கச் சொல்லியிருக்கலாமோன்னு. ப்ளேன்லாம் நிக்காதுப்பான்னு சொன்னேன். அப்புறம் கேக்கல. சரிதானே நான் சொன்னது?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சரியில்லாததைச் சரி என்று ஒப்புக்கொள்ளாத மனிதர். தன் நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கிவைத்தால் போதும் என்றும் இருந்தது.

“நின்னிருக்கும்மா. பைலட்டே சொன்னாரு. தப்பு என்னோடது, நான்தான் கேக்கல.”



“நானும் கேக்கலையே சார்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஆபீசரின் பாரம் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை. தான் மட்டும் சுமந்திருக்க வேண்டியதை அந்தப் பெண்ணின் தலையிலும் ஏற்றிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பல தடவை அவள் நம்பரை எடுத்துப் பார்த்தார். பேசி என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டார்.