அழுகையெல்லாம் மெர்சிக்கு

மெர்சிக்குப் பொறாமை புதிதில்லை. அந்தியூர்ப் பக்கம் கரும்புக்காட்டில் கூலி வேலை செய்த குடும்பம் அவளுடையது. ஆடி மாதம் குதிரைச் சந்தைக்கு அவளுடைய அப்பா இரண்டு பெண்களையும் கூட்டிப் போவார். அக்காவைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார், மெர்சியைக் கையில் பிடித்துக்கொள்வார். ஒரு வருசம் சந்தை முழுக்க மெர்சி பார்த்ததெல்லாம் குதிரைகளின் கால்களும் சனங்களின் வேட்டிகளும்தான். வீட்டுக்கு வந்ததும் அக்காவின் புது ரிப்பனைக் கத்தரித்துப் போட்டாள். எதற்கு அப்படிச் செய்தாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

வளர்ந்த பிறகு அந்தக் குணத்தை அவள் ஒரு மாதிரி வசப்படுத்தி வைத்திருந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் மோட்டார் செய்யும் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. பக்கத்து மேசைப் பெண் தன்னைவிட முன்னால் முடித்துவிட்டால் மெர்சி அன்றைக்கு டீக்கே எழுந்து போகமாட்டாள். அடுத்த நாள் அந்தப் பெண்ணை முந்திய பிறகுதான் டீ இறங்கும். பொறாமைப்பட்டால் உழைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். அதுதான் அவள் கண்டுபிடித்த வழி. எதிர்ப்பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த தமிழ்வேந்தன் அவளைக் கவனித்ததே அந்த வேகத்தைப் பார்த்துத்தான். கல்யாணம் சர்ச்சிலா கோயிலிலா என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தபோது, இருவரும் ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் முடித்துவிட்டு வந்தார்கள்.

பெண் பிறந்தாள். தமிழ்வேந்தன் ஆசைப்பட்டு நறுமுகை என்று பெயர் வைத்தான். கூப்பிடுவது முகை. அவ்வளவு சாதுவான பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. அழமாட்டாள், கையைக் காலை உதைக்கமாட்டாள், படுக்கப்போட்ட இடத்தில் தவளை மாதிரி காலை விரித்துக்கொண்டு கிடப்பாள். வந்தவர்களெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறாள் என்று கொஞ்சினார்கள். மெர்சிக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்து வீட்டுச் செவ்வந்திக்கும் அதே மாதத்தில்தான் பையன் பிறந்தான். அவனைப் பார்க்கப் பார்க்கத்தான் மெர்சிக்குச் சந்தேகம் வந்தது. அவன் தலை நின்றது. அவன் குப்புற விழுந்தான். அவன் செவ்வந்தியின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். முகைக்கு இன்னும் தலையே நிற்கவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஈரத் துணி நழுவுவது போலக் கைகளுக்கு நடுவே நழுவினாள். பால் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிப்போவாள்.

"சித்த முன்னப் பின்ன ஆகுமுங்க அக்கா, கவலப்படாதீங்க," என்றாள் செவ்வந்தி, பையனை இடுப்பில் குலுக்கியபடி.

மெர்சி தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செவ்வந்தி மேல் தப்பே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பையன் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வருகிறபோதெல்லாம் எழுந்து போய்ச் சன்னலையும் சாத்தினாள்.

கோயமுத்தூரில் குழந்தை டாக்டர், முகையின் இரண்டு கையையும் பிடித்து மெதுவாக எழுப்பிப் பார்த்தார். உடம்பு வந்தது, தலை பின்னாலேயே தொங்கியது. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வியாதி எதுவும் அகப்படவில்லை.

"தசையில இறுக்கம் கம்மியா இருக்குதும்மா. எல்லாம் செய்வா, லேட்டாச் செய்வா. எக்சர்சைஸ மட்டும் உட்றாதீங்க," என்றார்.

"எவ்வளவு லேட்டுங்க டாக்டர்?"

"அத நான் இப்பச் சொல்ல முடியாது."

மெர்சி வேலையை விட்டாள். துடியலூரில் பிசியோதெரபி செய்கிற சைதன்யா என்ற பெண்ணிடம் வாரம் ஒருமுறை போய்க் கற்றுக்கொண்டு வந்து, மற்ற நாளெல்லாம் வீட்டில் அவளே செய்தாள். பச்சை நிற ஸ்பாஞ்சுப் பாயை விரித்து, துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் வைத்து, பிள்ளையைக் குப்புறப் போடவேண்டும். தலையைத் தூக்கவைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடியில் மாட்டுகிற கையை எப்படி வெளியே எடுப்பது என்று கையைப் பிடித்துப் பழக்கவேண்டும். காயில் சுற்றிய அதே கவனத்தோடு அவள் செய்தாள். ஒரு வேளையும் தவறவிடவில்லை.

சாதுவான பிள்ளை அழக் கற்றுக்கொண்டது அந்தப் பாயில்தான். முதலில் சிணுங்கல். பிறகு அழுகை. வலியொன்றும் இல்லை, வலுவில்லாத உடம்பை வேலை வாங்குகிறபோது வருகிற அலுப்புதான் என்று சைதன்யா சொல்லியிருந்தாள். ஆனால் அலுப்பென்ன வலியென்ன, பிள்ளைக்குத் தெரியுமா? நாளாக நாளாகப் பாயை விரிக்கிற சத்தம் கேட்டாலே உதடு பிதுங்கியது. அப்புறம் பாய்கூட வேண்டியிருக்கவில்லை. மெர்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே போதும்.

சாயங்காலம் தமிழ்வேந்தனின் பைக் சத்தம் கேட்கும். உடனே முகையின் கால் விரல்கள் அசையும். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் மல்லாந்து படுத்து, பிள்ளையை வயிற்றின்மேல் குப்புறப் போட்டுக்கொள்வான். வாய்க்கு வந்ததையெல்லாம் பாட்டாகப் பாடுவான். அவள் தலையைத் தூக்கித் தூக்கி அவன் முகத்தைப் பார்த்துக் கெக்கலித்துச் சிரிப்பாள். சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிற மெர்சிக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் தன்னிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது போலவே இருக்கும்.

"மெர்சி, இங்க வந்து பாரேன், எப்படிச் சிரிக்கறாள்னு!"

"அடுப்புல வேலை கெடக்குதுங்க."

அடுப்பில் ஒரு வேலையும் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சி ஆராதனைக்குப் போயிருந்தாள். திரும்பி வருகிறபோது வாசலிலேயே தமிழ்வேந்தன் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான்.

"முகை குப்புற உழுந்துட்டா! நானே வீடியோ எடுத்துப்போட்டேன். எல்லாத்துக்கும் அனுப்பிச்சாச்சு!"

வீடியோவில் அவன் பைக் சாவியைக் குலுக்குகிறான். "வா கண்ணு, வா, அப்பாகிட்ட வா." முகை சாவியைப் பார்க்கிறாள், ஒருக்களிக்கிறாள், தவிக்கிறாள், பொத்தென்று கவிழ்கிறாள். அவன் கத்துகிற கத்தில் படம் ஆடுகிறது. அதற்குள் சொந்தக்காரர்களெல்லாம் பதில் போட்டுவிட்டார்கள். அப்பா செல்லம், அப்பன் கொடுத்த தைரியம், இப்படி. செவ்வந்தி நேரிலேயே வந்து, "அவிங்கப்பான்னா உசுருங்க அக்கா அவளுக்கு," என்று சந்தோசப்பட்டுவிட்டுப் போனாள்.

மெர்சியும் சிரித்தாள். பிள்ளையை வாங்கி முத்தம் கொடுத்தாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கவிழ்ந்த பிறகு முகையின் வலது கை நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. ஒரு கணம் திணறுகிறாள். அப்புறம் தோளைச் சற்றே தூக்கி, முழங்கையை உடம்போடு ஒட்டி இழுத்து, கையை வெளியே எடுக்கிறாள். அந்தக் கை வந்த விதம் மெர்சி சொல்லிக்கொடுத்தது. அழ அழ, மாதக்கணக்கில், அவள் கையால் பழக்கியது. வீடியோவில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. சாவியும் அப்பாவின் குரலும்தான் தெரியும்.

அன்றைக்கே அவள் பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்த வாரம் முழுக்க எக்சர்சைஸ் இல்லை. முகையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனாள், பழவண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள், கண்ணாடி முன்னால் நின்று விதவிதமாக முகம் காட்டினாள். முதல் நாள் பிள்ளை சந்தேகமாகவே பார்த்தது. அப்புறம் சிரித்தது. வெள்ளிக்கிழமை வாக்கில் மெர்சியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கியது. மெர்சிக்குத் தாங்கமுடியாத சந்தோசம். யாருக்கோ உரியதை எடுத்துத் தின்கிற மாதிரி ஒரு உறுத்தலும் கூடவே இருந்தது.

"பாய் எங்க அம்மணி? காணவே காணோம்?" என்றான் தமிழ்வேந்தன்.

"தொவச்சுக் காயப்போட்டிருக்கறனுங்க."

மறுநாள் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தவன் பாயை இழுத்து வெளியே போட்டான். தூசி பறந்தது.

"எத்தன நாளா செய்யலே?"

அவள் பாயை எடுத்துத் தூசியைத் தட்ட ஆரம்பித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? விடவே கூடாதுன்னு சொன்னாருல்ல? வேலைய உட்டதே இதுக்குத்தான? புள்ள மேல அக்கறை இல்லியா உனக்கு?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் வெடித்தாள். "அக்கறையப் பத்தி நீங்க பேசாதீங்க! அழவெக்கறதுக்கு நானு, சிரிக்கவெக்கறதுக்கு நீங்களா? என்னையக் கண்டா அவ மொகம் மாறுது, நீங்க பாத்திருக்கறீங்களா? நாளைக்குக் காத்தால நீங்க செய்யுங்க. செஞ்சு பாருங்க."

"செய்யறேன். என்ன பெரிய இது," என்றான் அவன்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பாயை விரித்து உட்கார்ந்தான். மெர்சி நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி, துண்டை எங்கே வைப்பது, கையை எப்படிப் பிடிப்பது என்று சொன்னாள். குப்புறப் போட்டதும் முகை அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். இவருமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு உதடு பிதுங்கியது. அழுகை ஏறிக்கொண்டே போனது. அவன் பாடிப் பார்த்தான், சாவியைக் குலுக்கிப் பார்த்தான். முகை தலையைத் திருப்பி நிலைப்படியைப் பார்த்து, ஒரு கையை மெர்சியின் பக்கம் நீட்டினாள்.

அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்று என்று பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது. மெர்சிக்கு உடம்பெல்லாம் இனித்தது. இப்படி இனிப்பது தப்பு என்று தெரிந்தும் இனித்தது.

தமிழ்வேந்தன் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "எப்படி மெர்சி இதத் தெனமும் செய்யறே?"

எத்தனையோ நாளாக அவள் கேட்க ஏங்கிய பேச்சு அது.

"பாதியில எடுக்காதீங்க," என்றாள். "அழுதாச் சமாதானம் பண்ணிப்போட்டு மறுபடி போடுங்க. இன்னும் இருக்குது."

அந்த வாரம் இருவருமாகத் துடியலூர் போனார்கள். ஒரு வாரம் பாயைச் சுருட்டி வைத்ததை மெர்சி மறைக்காமல் சொன்னாள். சைதன்யா திட்டவில்லை.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் செய்யுங்க அக்கா. ஒரே ஆளு செஞ்சா ஆளுக்கும் அலுப்பு, பாப்பாவுக்கும் அலுப்பு. பாயிலதான் செய்யணும்னும் இல்ல. உங்க மடிமேல குப்புறப் போடுங்க, பேசிட்டே, வெளையாடிட்டே செய்யுங்க. அண்ணன் வயித்துமேல போட்டு வெளையாடறாருன்னு சொன்னீங்கல்ல, அதுவும் எக்சர்சைஸ்தான். நல்ல எக்சர்சைஸ்."

மெர்சி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவன் முகம் மலர்ந்து போயிருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடியதும் கணக்கில் சேர்ந்துவிட்டதா! பஸ்ஸில் வருகிறபோது அவள் சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஆனாலும் ஏற்பாடு நிலைத்தது. காலை வேளை அவனுடையது, மற்றதெல்லாம் அவளுடையது. மெர்சி தோசை ஊற்றிக்கொண்டிருக்கையில் உள்ளறையிலிருந்து முகையின் அழுகை வரும். அவளுக்கு அது காதுக்கு இதமாகவே இருந்தது என்பதை மறைப்பானேன். கொஞ்ச நாளில் தமிழ்வேந்தன் குறைப்பட ஆரம்பித்தான்.

"காத்தால என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா மெர்சி."

"ரெண்டு நாள்ல சரியாயிருமுங்க," என்று அவள் பரிவாகச் சொன்னாள். அன்றைக்கு அவனுக்குத் தோசையில் நெய் கொஞ்சம் தாராளமாக விழுந்தது.

மடியில் போட்டு, கதை பேசி, வெண்டைக்காயை நீட்டி நீட்டிக் காட்டி அவளும் செய்யக் கற்றுக்கொண்டாள். அழுகை அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. முழங்கையை எப்படி வைப்பது என்று புருசனும் பெண்டாட்டியும் சண்டை போட்டார்கள். முதல் பிறந்த நாள் தாண்டிச் சில வாரங்களில் முகை தானாக உட்கார்ந்தாள். அதை இருவருமே பார்க்கவில்லை. மெர்சி துணி உலர்த்திவிட்டு வந்தபோது பிள்ளை ஏற்கெனவே உட்கார்ந்துகொண்டு, இதிலென்ன இருக்கிறது என்பது போல ஸ்பூனைச் சப்பிக்கொண்டிருந்தாள். துடியலூரில் காலுக்கு ஆதரவாக ஒரு ஷூ செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கட்டிலைப் பிடித்து நின்றாள். செவ்வந்தியின் பையன் அதற்குள் தெருவெல்லாம் ஓடினான். அவன்மேல் இருந்த பொறாமை மெர்சிக்கு ஒருநாளும் போகவில்லை. ஆனால் இப்போது கதவைச் சாத்துவதில்லை. அவனும் தன் மூன்று சக்கர சைக்கிளோடு உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தான்.

இரண்டு வயது நெருங்குகிற சமயம். ஒரு சாயங்காலம் கூடத்தின் ஒரு கோடியில் மெர்சியும் எதிர்க் கோடியில் தமிழ்வேந்தனும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முக்காலியைப் பிடித்துக்கொண்டு முகை நின்றாள்.

"கண்ணு, அம்மாகிட்ட வா."

"அப்பாகிட்ட வா சாமி, அப்பாகிட்ட."

முகை இவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முக்காலியை விட்டாள். அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பிள்ளை அப்படியே திரும்பி, இரண்டு கையையும் அகல விரித்து, தள்ளாடித் தள்ளாடி வாசலை நோக்கி நடந்தாள். நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, செவ்வந்தியின் பையனைப் பார்த்துச் சிரித்தாள்.

தமிழ்வேந்தன் வாய்விட்டுச் சிரித்தான். "ரெண்டு பேத்தையும் உட்டுப்போட்டு அவங்கிட்டப் போறா பாரு!"

மெர்சிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தச் சைக்கிளைத் தூக்கி எறியவேண்டும் போலவும் வந்தது. எழுந்து ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பின்னால் கை கொடுத்து நின்றுகொண்டாள்.

அடுத்த முறை துடியலூரில், முகை அறையின் குறுக்கே நடந்து வருவதைப் பார்த்துச் சைதன்யா கைதட்டினாள். "சூப்பர் பாப்பா! முதல்ல யாருகிட்டங்க நடந்து வந்தா?"

"எங்கிட்டத்தானுங்க," என்றாள் மெர்சி, கண்ணிமைக்காமல்.

சைதன்யா தமிழ்வேந்தனைப் பார்த்தாள். அவன் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஆமாங்க," என்றான். "அவிங்கம்மாகிட்டத்தான்."