தம்பிக்குப் பூசிய மஞ்சள்

என் தம்பி இப்போது தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். எல்லைப் பாலத்தில் மழை என்று யாராவது சொன்னால் போதும், இந்தக் கரையில், மாசாயில், நான் செய்கிற வேலையைப் போட்டுவிடுவேன். போன் அடிப்பேன். எடுக்க மாட்டான். எடுத்தால், "அக்கா, நான் என்ன கைப்பிள்ளையா லா?" என்பான். கைப்பிள்ளையாக இருந்தபோது தொடங்கிய பழக்கம்தான் இது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அவன் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த மறுநாளே கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார்; நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு மிஸ்ஸிகள் தேடி வந்து பார்ப்பது இங்கே வழக்கம். வந்தவர் மலாய்க்காரர், சிரித்த முகம். பிள்ளை நன்றாக இருக்கிறது, அடிக்கடி பால் கொடுங்கள், உடம்பில் எதையும் பூச வேண்டாம் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே செடெனாக்கிலிருந்து அத்தை வந்து இறங்கினார். அப்பாவின் அக்கா. அத்தைக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். பையில் நல்லெண்ணெய், பயத்தம்மாவு, அவரே காயவைத்து அரைத்த மஞ்சள் ஒரு பால்மாவு டின் நிறைய.

"மிஸ்ஸி எதையும் பூச வேணாம்னு சொன்னாங்க அண்ணி," என்று அம்மா படுத்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ஒன் புருஷனுக்கும் நான்தான் பூசினேன். அவன் என்ன கெட்டா போயிட்டான்?"

இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அத்தை குளியலறையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, தம்பியைக் காலின்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, மாவும் மஞ்சளும் குழைத்துப் பூசி, வெந்நீர் ஊற்றுவார். சாம்பிராணிப் புகை காட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தால் தம்பி கோயில் விக்கிரகம் மாதிரி மினுங்குவான். பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிகள், "அலமாக், தங்கம் மாதிரி இருக்கே!" என்றார்கள். தங்கம் எந்நேரமும் தூங்கியது. பசிக்குக்கூட அழவில்லை. தொல்லை கொடுக்காத பிள்ளை, நல்ல பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள்.

எனக்குத்தான் பயம். தூங்குகிறவன் மூச்சு விடுகிறானா என்று அடிக்கடி அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

"மூக்க அடைச்சிராதடி! போயி வேற வேல இருந்தா பாரு," என்று அத்தை விரட்டுவார்.

அம்மாவுக்கும் ஒருநாள் சந்தேகம் வந்தது. "அண்ணி, பிள்ள ரொம்ப மஞ்சளா தெரியுதே?"

"மஞ்சள் பூசினா மஞ்சளாத்தான் இருக்கும். பின்ன பச்சையாவா இருக்கும்?" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தோம். அம்மாவும்தான்.

மிஸ்ஸி மறுபடி வந்தபோது அப்பா இரவு வேலை முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி தம்பியின் நெற்றியைப் பார்த்தார், பிறகு தன் விரலைப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தார். அப்படியும் போகவில்லை. தம்பியை ஜன்னலோரம் தூக்கிப்போய், நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்து, இமையை மெல்ல விலக்கினார்.

கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது.

"கண்ணுக்குள்ளே யாரும் மஞ்சள் பூசவில்லையே?" என்று மலாயில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சிரித்த முகத்தைக் காணோம். கடைசியாக எப்போது பால் குடித்தான் என்று கேட்டதற்கு, எழுப்பினாலும் வாய் வைக்க மாட்டேன் என்கிறான் என்று அம்மா சொன்னார். மிஸ்ஸி அப்பாவை எழுப்பச் சொன்னார்.

அத்தையும் கூடவே கிளம்பியதால், என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் தம்பியின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதற்கும் அவன் சரியாக அழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு தமிழ் டாக்டரம்மா வந்தார், சின்ன வயது.

"காமாலை ரொம்ப ஏறிப்போச்சு. இன்னும் விட்டிருந்தா மூளையத் தாக்கியிருக்கும். காது கேக்காமப் போயிருக்கலாம். மஞ்சள் பூசினதால இது வரல. ஆனா வந்தத மறைச்சிருச்சு. யாரு பூசினது?"

அத்தை தம்பியின் துணிப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"நான்தான் டாக்டர். நான்தான் பூசச் சொன்னேன்," என்றார் அம்மா.

"மிஸ்ஸி உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க. நான்தான் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் கனமாகவே உட்கார்ந்தது.

தம்பியை ஒரு கண்ணாடிப் பெட்டியில், கண்ணைத் துணியால் கட்டி, காமாலையை இறக்கும் நீல வெளிச்சத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். நான் கதவு வழியாகப் பார்த்தேன். ஓவியப் பாடத்தில் படித்தது சட்டென்று ஞாபகம் வந்தது.

"அப்பா, மஞ்சளும் நீலமும் சேந்தா பச்சதானே? தம்பி பச்சையாயிடுவானா?"

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்ததும், ஆமாம் ஆகிவிடுவான்போல, என்னிடம் மறைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். பச்சைத் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்பது அடுத்த கவலை.

அம்மா தம்பியோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். வீட்டில் அத்தை சமைத்தார். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. மஞ்சள் டின் பைக்குள் போய்விட்டது. துணிமணியும் போனது.

"பிள்ள வந்ததும் ஒரு தரம் பாத்துட்டுப் போயிடுறேன் தம்பி," என்று அப்பாவிடம் சொன்னார். "பெறாத கையில பிள்ளையக் குடுத்தது ஒங்க தப்பு."

"என்னக்கா நீ," என்றார் அப்பா.

தம்பி வந்தான். பச்சை இல்லை, மஞ்சளும் இல்லை, அப்பாவைப்போல மாநிறம். அத்தை பையோடு வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். தொடவில்லை. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அவரிடம் போய்த் தம்பியை நீட்டினார்.

"குளிப்பாட்டிருங்க அண்ணி. இவ்வளோ சின்னப் பிள்ளைய எனக்குக் குளிப்பாட்டத் தெரியாது."

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையைக் கீழே வைத்தார்.

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதான் அண்ணி."

அத்தை கால்களை நீட்டி உட்கார்ந்தார். முதல் குவளையைத் தன் கையில் ஊற்றிச் சூடு பார்த்தார். தண்ணீர் பட்டதும் தம்பி மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். "கத்துடா! நல்லா கத்து!" என்றார் அத்தை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர்.

குளியலறை வாசலில் நின்ற எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அம்மா சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிறந்தபோது அத்தை காய்ச்சலில் கிடந்தார், வர முடியவில்லை. என்னை முதல் நாளிலிருந்து குளிப்பாட்டியது அம்மாதான். அவரே எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒரு பொய், இப்போது வீட்டுக்குள் வந்ததும் இன்னொன்று. பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் நன்னெறிப் பாடத்தில் அப்போதுதான் நடத்தியிருந்தார்கள்.

பிள்ளை பிறந்ததும் அம்மாவுக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டதே என்று அன்று முழுக்க எனக்கு ஒரே கவலை. யாரும் பார்க்காத நேரம் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, இந்த ஒரு தடவை மன்னித்துவிடு, இனிமேல் அம்மா பொய் சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.