தள்ளினால் கிளம்பும் வண்டி

டில்லிபாபுவின் வெள்ளைக் கார் திருத்தணியில் கல்யாண ஊர்வலத்துக்கென்றே ஓடுவது. பழைய, நீளமான, ஆட்டோ கியர் வண்டி. சீரியல் பல்பு, பாட்டு எல்லாவற்றையும் கார் பேட்டரியிலேயே மாட்டிவிடுவான். தனி பேட்டரி வை என்று மனைவி கவிதா சொன்னால், "எனக்குத் தெரியும்" என்பான்.

போன தையில் பேட்டரி இறங்கி, கடைத்தெரு நடுவில் வண்டி நின்றுவிட்டது. ஆட்டோ கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. மணப்பெண் ஹை ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள்.

அந்தப் பேச்சு ஊரில் அடங்கவேயில்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், அந்த மாதம் மெக்கானிக் முனிரத்தினத்திடம் வண்டியை விட்டான். கிருத்திகைக் காவடிகள் ஷெட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, அவர் ஆட்டோ கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, கையால் போடும் கியர்பாக்ஸை ஏற்றினார். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் நீளம் ஒத்துவராமல், அதை வெட்டி வெல்டு வைத்தார். பிரேக்குக்குப் பக்கத்தில் கிளட்ச் வந்தது.

ஆவணியில் முதல் ஊர்வலம். அன்று நடந்தவளின் தங்கைக்குத்தான் கல்யாணம். கியரை மாற்றிவிட்டேன் என்று அவள் அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய சவாரி. பல்புகள் வழக்கம்போல கார் பேட்டரியில்தான். அதே கடைத்தெருவில் அவை மங்கின, என்ஜின் அணைந்தது.

"மறுபடியும் நின்னுக்கிச்சா?" என்றார் பெண்ணின் அப்பா.

"பொண்ணு உக்காந்துகினே இருக்கட்டுங்க. நாலு பேரு தள்ளுனா போதும்."

மாமன் மச்சான்கள் வேட்டியை மடித்துக்கட்டித் தள்ளினார்கள். டில்லிபாபு இரண்டாவது கியரில் கிளட்சைப் பட்டென்று விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது.

பின்சீட்டிலிருந்து மணப்பெண் ஒரு பையை நீட்டினாள். உள்ளே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"எங்கக்கா குடுத்தனுப்புச்சி. முன்னாடி எங்கியாவது போட்டு வைங்கண்ணா, இனிமே வேணாம்."