மின்னலுக்கு வாய்க்காத கையுறை

அந்தப் பழத்தோட்டத்தில் எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஏணியைச் சாய்ப்பதற்குள் அவள் ஒரு ஆப்பிள் கிளையை மொட்டையடித்திருப்பாள். அந்தப் பெருமையில் கால் தரையில் பாவாமல்தான் நடந்துகொண்டிருந்தாள்.

பழம் பறிக்கும் இயந்திரம் வரப்போகிறது, அதற்கு மனிதக் கை சொல்லித்தர வேண்டும் என்றார்கள். கருவிகள் பொருத்திய கையுறையை ஒருவர் மாட்டிக்கொண்டு பறித்தால், அந்தக் கையசைவை இயந்திரம் அப்படியே கற்றுக்கொள்ளுமாம். தன்னை விட்டால் வேறு யார் என்று மின்னல் நகமெல்லாம் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். பொறியாளரோ அவளுடைய ஓரகத்தியை, கொழுந்தனின் மனைவியைத் தேர்ந்தெடுத்தார். மின்னலின் வேகத்தைக் கருவியால் பிடிக்க முடியவில்லை, இளையவள் நிதானமாகப் பறிக்கிறாள் என்று காரணம் சொன்னார்.

நிதானமாம்! சோம்பலுக்கு இப்படியும் ஒரு பெயர் உண்டென்று மின்னலுக்கு அன்றுதான் தெரிந்தது. இனி வருகிற இயந்திரத்திலெல்லாம் அந்த ஆமைக் கைதான் இருக்கப்போகிறது. ஒரே வீடு, ஒரே அடுப்படி. இளையவள் தட்டு கழுவுவதைப் பார்த்தாலே இவளுக்கு வயிறு எரிந்தது. மாமியார் வேறு, சின்னவள் கை நோகக் கூடாது என்று கனமான பாத்திரங்களை மூத்தவள் பக்கம் தள்ளினாள்.

மின்னல் பக்கத்து மரத்தில் நின்றபடி ஓரகத்தியின் கையையே கவனித்தாள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே ஒரு தூக்கு, ஒரு திருகு, பையில் போடும் முன் கட்டைவிரலால் செல்லமாக ஒரு தடவல். வீட்டுக்கு வந்து, அறைக் கதவின் உருண்டைக் கைப்பிடியில் அதையே பழகினாள்.

"அந்தக் கைப்பிடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் கணவன். அவள் அதை இன்னொரு முறை திருகினாள்.

இளையவளுக்கு மணிக்கட்டு சுளுக்கிய அன்று கையுறை மின்னலிடம் வந்தது. வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ளத்தான் சிரமப்பட்டாள். ஒரு வரிசை முழுக்கப் பறித்தாள். பொறியாளர் திரையைப் பார்த்து மலர்ந்துபோனார்.

"பிரமாதம்மா. அப்படியே உங்க தங்கச்சி கைதான், வித்தியாசமே தெரியல. இதையும் அவங்க பேர்லயே சேத்துடறேன்."

மின்னலின் முகத்தில் ஈயாடவில்லை. கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த மரத்தில் தன் பழைய வேகத்தோடு கையை வீசினாள். கை பழத்தை ஏந்தியது, தூக்கியது, திருகியது, கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டுத்தான் பையில் போட்டது.