கருப்பு வெள்ளைப் பக்கமும் ஒரு ரோஜா மாலையும்

போன வியாழக்கிழமை காலையில் என் அக்காவுக்கு ஒரு ரோஜா மாலை வந்தது. நல்ல கனமான மாலை. கூடவே ஒரு கோடிச் சேலை, வேன் நிறையச் சொந்தக்காரர்கள், தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்ட ஒப்பாரி.

அக்கா உயிரோடு இருக்கிறாள். மாலையை வாசலில் நின்று கைநீட்டி வாங்கியதே அவள்தான்.

இத்தனைக்கும் காரணம் நான்தான் என்று எங்கள் குடும்பம் மொத்தமும் ஒரே குரலில் சொல்கிறது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத குடும்பம் இது. என் தலையை உருட்டுவதில் மட்டும் என்ன ஒற்றுமை! எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

நான் கொஞ்ச நாளாக டிஜிட்டல் ஆர்ட் ஜர்னல் செய்கிறேன். பயப்படாதீர்கள், டைரி மாதிரிதான். எழுதுவதற்குப் பதிலாக ஒட்டுவது. கத்தரிக்கோல், பசை, வண்ணம் எல்லாமே டேப்லெட்டுக்குள் இருக்கும். அருவிக்கரைப் பாறையில் படிந்த பாசியைப் போட்டோ எடுத்து ஒரு லேயர். அதற்கு மேல் செங்கோட்டை பஸ் டிக்கெட்டை ஸ்கேன் செய்து இன்னொரு லேயர். மேலே நம் கையெழுத்து. வேண்டாததை விரலால் அழிக்கலாம். கை கழுவ வேண்டாம், தரையைத் துடைக்க வேண்டாம். என் வயதுக்கு இதைவிட நல்ல கலை எது?

இணையத்தில் இதற்கென்று ஒரு குழு. வாரம் ஒரு தலைப்புத் தருவார்கள், நாம் ஒரு பக்கம் செய்து போட வேண்டும். அதற்குப் பெயர் சேலஞ்ச். 'பரிசு என்ன?' என்று தென்காசியில் கேட்காத ஆள் இல்லை. பரிசு கிடையாது என்றதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நாள் முழுக்கச் செல்போனில் அடுத்தவர் சமையலைப் பார்ப்பவர்களுக்கு நான் படம் ஒட்டுவது வெட்டி வேலையாகத் தெரிகிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரத் தலைப்பு — 'பிரியமான ஒரு முகம், ஒரே ஒரு வண்ணம்.' படித்ததும் எனக்கு அக்கா முகம்தான் வந்தது.

அக்கா பெயர் சொர்ணம். இலஞ்சியில் இருக்கிறாள். போன வருடம் மார்பில் கேன்சர் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். பிறகு கீமோ. எல்லாம் நல்லபடியாக முடிந்து, இனி செக்கப்புக்கு வந்தால் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அக்கா வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்கு வரமாட்டாள், கல்யாணத்துக்கு வரமாட்டாள். கொட்டிய முடி சரியாக வளரவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள் அறையிலேயே இருப்பாள். பீரோக் கண்ணாடியில் அத்தானின் வேட்டியைத் தொங்கவிட்டு மறைத்து வைத்திருந்தாள். சாரல் காலத்தில் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புகிறவள் அவள். இந்த வருடம் சீசன் தொடங்கியும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் முகத்தை அவளுக்கே ஒருமுறை காட்ட வேண்டும், அதைப் பார்த்து அவள் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். பரிசு, பரிசு என்கிறார்களே, எனக்கு வேண்டியிருந்த பரிசு அவ்வளவுதான்.

நோய் வருவதற்கு முந்தைய சீசனில் எடுத்த அவள் போட்டோ ஒன்று இருந்தது. வாய்விட்டுச் சிரிக்கிறாள், பல்லெல்லாம் தெரிகிறது. ஒரே வண்ணம்தான் அனுமதி என்பதால் அக்காவைக் கருப்பு வெள்ளையாக்கினேன். சுந்தரபாண்டியபுரத்தில் நானே எடுத்த சூரியகாந்திப் பூக்களை ஒவ்வொன்றாக வெட்டி அவளைச் சுற்றி வைத்தேன். அந்த மஞ்சள்தான் ஒரே வண்ணம். முகத்துக்குப் பின்னால் அருவிச் சாரல், ஓரங்களில் லேசான புகை. கையெழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. எழுதினேன்: 'இந்தச் சிரிப்பு எங்களை விட்டு எங்கும் போகாது.' பக்கத்தில் தேதி இருக்க வேண்டும் என்பதும் விதி. ஜர்னல் என்றால் தேதி இல்லாமலா? பெயரை எழுதி, கீழே அன்றைய தேதியைப் போட்டேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லையே! அழகாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. குழுவில் போட்டேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் 'என்ன அழகான சிரிப்பு' என்று எழுதினார்கள். ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. அந்தத் தைரியத்தில் அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் வைத்தேன். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் போனைச் சார்ஜில் விட்டுவிட்டு, டேப்லெட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு இலஞ்சிக்கு பஸ் ஏறினேன்.

நம் ஊரில் ஒருவர் முகத்தைச் சுற்றிப் பூ வைத்துப் படம் போட என்னென்ன காரணம்? கட்சியில் பதவி கிடைக்க வேண்டும், காது குத்த வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. காது எப்போதோ குத்தியாகிவிட்டது. அதிலும் படம் கருப்பு வெள்ளை... எங்கள் சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் என் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார். உடனே கும்பிடுகிற கைகள், அழுகிற முகங்கள், 'ஆன்மா சாந்தியடையட்டும்.' இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அடக்கம் எப்போது என்று ஒருவர் கேட்டிருந்தார். வேன் எங்கிருந்து புறப்படுகிறது என்று இன்னொருவர். மதியச் சாப்பாடு யார் பொறுப்பு என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் ஒரு செய்தி... 'எதிர்பார்த்ததுதானே.' அதற்குக் கீழே நாலைந்து பேர் கட்டைவிரல் வேறு காட்டியிருந்தார்கள். எதிர்பார்த்தார்களாம்! ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காமல், சிவகிரியில் உட்கார்ந்துகொண்டு என்னத்தை எதிர்பார்த்தார்கள்?

நான் இலஞ்சிக்குப் போய்ச் சேர்ந்து, அக்காவிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏட்டி, முடி எவ்வளவு இருந்துருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. டேப்லெட்டை என்னிடமே நீட்டிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஏன் இந்த வேலை என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். யார் வீட்டிலோ துட்டி போல என்றாள் அக்கா. பாவம், யாரோ என்று எழுந்து வாசலுக்கு வந்தாள். நானும் பின்னால் வந்தேன்.

வேனிலிருந்து முதலில் இறங்கியது சிவகிரி மதினி. எங்கள் பெரியப்பா மகனின் மனைவி. எங்களுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. பிறந்த வீட்டு முறை செய்ய வேண்டியது அந்தப் பெரியப்பா மகன்தான். பெண்ணொருத்தி இறந்தால் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுச் சேலைக்குத்தான் கோடி என்று பெயர். அது தாம்பாளத்தில் மதினி கையில் இருந்தது. மாலை அந்த அண்ணன் கையில். பின்னால் சொந்தங்கள் மாரில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். மதினி பாட்டோடு படியேறி, நிமிர்ந்து பார்த்தார்...

எதிரே அக்கா.

மதினியின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது. அண்ணனுக்கு மாலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கோடியைப் பார்த்தாள். செத்துப் பிழைத்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாசலுக்கே மாலை வந்து நிற்கிறது. இனி இவள் அந்த உள் அறையைவிட்டு வெளியே வரவே மாட்டாள் என்று நினைத்தேன்.

அக்கா கையை நீட்டினாள்.

"கொண்டாங்கண்ணே. எம்புட்டு நேரம் சுமப்பிய?"

உள்ளே போய் எல்லோரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். உசுரோட இருக்கவளை இப்படியா போடுவாவ என்று மதினி. படித்தவளுக்கு அறிவு வேண்டாமா என்று ஒரு சித்தி. பூ எதுக்கு, புகை எதுக்கு, தேதி எதுக்கு? நான் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சேலஞ்ச் என்றால் என்ன, லேயர் என்றால் என்ன என்று துட்டிக்கு வந்தவர்களிடம் விளக்க வேண்டிய நிலைமை வேறு யாருக்காவது வந்திருக்கிறதா?

கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் போனுக்கு அடித்தீர்களாமே, அக்கா போனுக்கு ஒரு தடவை அடித்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா என்று கத்தினேன்.

"செத்தவ போனுக்கு யாரு அடிப்பா?" என்றார் அண்ணன். கேலிக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சு கெடந்தேன். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா நீங்கதான்னு எந்திச்சு உக்காருவேன். ரோடு சரியில்லன்னு சொல்லிவிட்டிய. இன்னைக்கு ரோடு எப்படிண்ணே இருந்துச்சு?"

உள்ளே அத்தான் காபிக்குப் பால் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினிதான் அழுதார். சற்று முன் பாட்டாக அழுதவர், இப்போது சத்தமே இல்லாமல் அழுதார். "உன்னைய அந்தக் கோலத்துல பாக்க தைரியம் இல்ல சொர்ணம். வந்து என்னத்தப் பேசன்னு தெரியாமலே நாளு போயிட்டு" என்றார்.

நியாயமான காரணமா இது? எனக்கு ஏறவில்லை. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே! பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக் கொடுக்க என்ன வசனம் வேண்டும்? சாவு வீட்டுக்கு மட்டும் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது. யார் என்ன கொண்டுவர வேண்டும், எங்கே நின்று அழ வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும்... அத்தனைக்கும் முறை வைத்திருக்கிறோம். நோயில் கிடக்கிறவளைப் போய்ப் பார்க்க ஒரு முறையும் வைக்கவில்லை. அதனால்தான் பிழைத்தவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார்கள்.

இதைச் சொல்லலாம் என்று நான் தொண்டையைச் சரிசெய்தபோது, அந்தச் சித்தி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். துட்டிக்கென்று புறப்பட்டாகிவிட்டது, மாலையும் கோடியும் எடுத்தாகிவிட்டது. இனி தலை முழுகாமல் எப்படி அவரவர் வீட்டுக்குள் போவது? சாவே இல்லாதபோது தீட்டு ஏது என்றார் ஒருவர். புறப்பட்டது புறப்பட்டதுதான் என்றார் இன்னொருவர். சத்தியமாகச் சொல்கிறேன், சம்பந்தப்பட்ட ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த விவாதம் நடந்தது. எனக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது.

அக்கா சிரித்துவிட்டாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அத்தான் காபித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்று அவளையே பார்த்தார்.

"குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். வாங்க, எல்லாரும் போய்க் குளிச்சிருவோம்" என்றாள். மாற்றுத் துணிக்கு என்ன செய்வாய் என்று நான் கேட்டதற்கு, தாம்பாளத்தில் இருந்த கோடிச் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மதினி பதறிப்போய்ப் பிடுங்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. புதுச் சேலை, அதுவும் பிறந்த வீட்டுச் சேலை, எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

அவளைப் புதைக்கவென்று வந்த வேனில் அவளே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நடுவில் போகக் கூடாது, ஓரத்தில்தான் நிற்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மதினி அவள் கையைப் பிடித்திருந்தார். வழுக்கிவிடும் என்ற பயம் ஒரு பக்கம், விட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். முதல் தண்ணீர் மேலே விழுந்ததும் அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். அத்தனை பேருக்கும் நடுவில் தலையைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கும் கண்ணை மறைத்தது. சாரல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கிருந்து வந்தவளோ, அக்கா தலையைப் பார்த்துவிட்டு, நேர்ச்சை மொட்டையா என்று கேட்டாள். வேண்டினது நடந்துவிட்டதா என்றும் கேட்டாள்.

அக்கா தன் கையைப் பிடித்திருந்த மதினியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நடந்துட்டும்மா. வேன் பிடிச்சு வந்துச்சு" என்றாள்.

அவள் அவர்களை மன்னித்துவிட்டாள் என்று தெரிகிறது. நான் மன்னிப்பதாக இல்லை — வீட்டுக்கு ஒருவராவது கோபமாக இருந்தால்தானே அடுத்த வாரமும் வேன் வரும்!