சன்னல் அடைத்த நாற்பது நாள்

குழித்துறைப் பக்கம் ஒரு பையனை விமான நிலையத்தில் இறங்கின கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்த படத்தில் தழும்புபோல ஒரு வெள்ளைப் பாடாம். தாய்க்காரிக்கு இருந்த தீனம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டதாம். இனிமேல் எந்தக் கல்ஃப் நாட்டு வாசலையும் அவன் மிதிக்க முடியாதாம். பூங்கனி இதைத் தன் நாத்தனார் சொல்லக் கேட்டதாக அண்டி ஆபீசில் வைத்துச் சொன்னாள். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. லீலாபாயின் கை மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு கொட்டையைத் தட்டியது.

முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு அங்கே அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். லீலாபாய்க்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முப்பத்தொரு வருடம் கல்லில் கொட்டையை வைத்து மரத்தடியால் தட்டியே கழிந்துவிட்டது. கணவர் ஆன்ட்ரூஸ் இறந்தபோது மகன் டெனிஷ் ஐந்தாம் வகுப்பு. அவனைப் படிக்கவைத்ததும் துபாய்க்கு ஏற்றிவிட்டதும் கொட்டைத் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுக் கறுத்த அந்தக் கைகள்தான்.

கொட்டை வறுக்கிற புகையில் அங்கே இருமாத பெண் கிடையாது. அதனால் நவம்பரில் தொடங்கிய இருமலை லீலாபாய் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கணகணத்தது. வேலை அலுப்பு என்று நினைத்தாள். விடியும்போது தலையணை நனைந்து கிடந்தது. வயசுக்கோளாறு என்று நினைத்தாள். கிறிஸ்துமஸுக்கு ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது, "அக்கா என்ன, கல்யாணப் பொண்ணு கணக்கா மெலிஞ்சிட்டு வாறீயோ?" என்றாள் தையல்காரி. லீலாபாயும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டெனிஷ் நாற்பது நாள் லீவில் வந்தான். வந்த மறுநாளே அம்மாவுக்கென்று படுக்கையறையில் ஏசி மாட்டினான். அம்மா கட்டிலில், மகன் கீழே பாயில். சன்னல் இடுக்குகளைக்கூடப் பசைத்தாள் ஒட்டி அடைத்தான். "தொறந்திராதம்மா, குளிரு போயிரும்." அவன் திரும்பிப்போகிற வரை அந்தச் சன்னல் திறக்கவே இல்லை.

பூங்கனி அந்தக் கதையைச் சொன்னது அவன் போன பிறகு, ஜனவரிக் கடைசியில். அடுத்த ஞாயிறு ஆராதனையில், பாட்டின் நடுவே வந்த இருமலைக் கைக்குட்டையில் அடக்கினாள் லீலாபாய். எடுத்துப் பார்த்தால் ரத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்றார்கள். டிபி.

மாத்திரையோடு வீடு தேடி வந்தவள் நந்தனா. பூதப்பாண்டிக்காரி, சுகாதாரப் பணியாளர். மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும், பயப்படக்கூடாது. ரெண்டு வாரம் தாண்டினால் பெரும்பாலும் பிறருக்குப் பரவாது. குணமானதுபோலத் தோன்றினாலும் ஆறு மாதத்துக்கு ஒரு நாளும் விடக்கூடாது. எல்லாம் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"வீட்டுல உங்ககூட வேற யாரும்மா உண்டு?"

"நான் ஒத்தைக்காக்கும்."

"கடைசி மூணு மாசத்துல யாராவது வந்து தங்குனாவளா?"

குழித்துறைப் பையன் கண்முன் வந்து நின்றான். டெனிஷின் பேர் அந்தத் தாளில் ஏறினால்?

"எனக்கு ஆரு இருக்கா பிள்ளே, வந்து தங்க?"

நந்தனா எழுதிக்கொண்டாள். சொன்னதில் பாதி பொய்தான். 'எனக்கு ஆரு இருக்கா' என்ற மீதிப் பாதியைப் பொய்யென்று சொல்ல லீலாபாய்க்கே வாய் வரவில்லை.

வேலையை நிறுத்தினாள். தன் தம்ளரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வேறாக வைத்தாள். வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். நூல் கட்டாத தம்ளரில் குடிக்க ஆளே இல்லை. ஆனாலும் கட்டினாள். இருமல் வந்தால் ஆளில்லாத அடுக்களையிலும் முந்தானையால் வாயைப் பொத்தினாள். கோயிலில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கிற திருவிருந்து நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பீடத்துக்கு எழும்பிப் போகாமலே வீட்டுக்கு வந்தாள்.

வேலைக்குப் போகிற வழியில் பூங்கனி மட்டும் கேட்டில் நின்று கூப்பிடுவாள்.

"ஏட்டி லீலா, இருக்கியா, செத்தியா?"

"சாவல்ல. வெரலு வெந்துபோச்சு, அதான் வரல்ல."

"வெரலு ஆற மூணு மாசமா? உனக்க வெரலு என்ன வைரத்துலயாட்டி செஞ்சது?"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். கேட் திறக்காது. பூங்கனி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

மாத்திரை வேலை செய்தது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, ஏப்ரலில் நாலு கிலோ ஏறியிருந்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு வெள்ளிக்கிழமை வரைதான். டெனிஷுக்கு வெள்ளி லீவு. சோறு தின்றுவிட்டுக் கூப்பிடுவான். அன்று பேச்சின் நடுவே இருமினான். நிறுத்தி, மறுபடியும் இருமினான்.

"என்ன மக்கா அது?"

"தூசிம்மா. சைட்டுல மணல்காத்து. இங்க எல்லாவனுக்கும் இருமலுதான்."

நவம்பரில் லீலாபாயும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எல்லாருக்கும் இருமல்தான்.

"சாப்பிடுதியா? மெலிஞ்சிட்டியா?"

"ஜிம்முக்குப் போறியாலேன்னு கேக்கானுவ," என்று சிரித்தான். "ஜூன்ல விசா புதுக்க மெடிக்கல் வருது. அது முடிஞ்சா சம்பளமும் கூடும், கேட்டியா?"

சொல்லவேண்டிய இடம் அதுதான். "நேரத்துக்குத் தின்னு மக்கா," என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுத்த வெள்ளியும் அப்படியே போனது. அதற்கடுத்த வெள்ளியும்.

மே மாதம் நந்தனா வந்தபோது வெயில் கொளுத்தியது. எடையைக் குறித்துவிட்டு நிமிர்ந்தவள், படுக்கையறைக் கதவு வழியே ஏசியைப் பார்த்தாள்.

"ஏசியெல்லாம் வச்சிருக்கிய. யாரும்மா போட்டுத்தந்தா?"

"எனக்க மவன்," என்றாள் லீலாபாய், பெருமையில். "கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தப்பம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"எத்தன நாளு இருந்தாரு?"

"நாப்பது."

"இந்த ரூம்லயா? சன்னல் தொறந்தா?"

லீலாபாய் சன்னலைப் பார்த்தாள். பசைத்தாள் இன்னும் சன்னலில் ஒட்டியிருந்தது.

நந்தனா திட்டியிருந்தால் தேவலை. அவள் பேனாவை மூடிவைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தியன்னா, உள்ள கிருமி இருந்தாலும் தீனமா மாறாம இருக்க மாத்திரை உண்டும்மா. படத்துல ஒரு பாடும் விழுந்திருக்காது."

"இப்பமோ?"

"சோதிச்சாத்தான் தெரியும். அவருக்கு இருமல் உண்டா?"

உண்டு என்று லீலாபாய் தலையை ஆட்டினாள்.

"அப்பம் மெடிக்கல் கிடிக்கல்னு காத்திருக்காண்டாம். அங்கயே டாக்டரப் பாக்கட்டும், இல்ல இங்க ஏறி வரட்டும். உங்களுக்கு மாறலியா? அவருக்கும் மாறும்."

"அவனுக்க வேல, பிள்ளே?"

"வேலயப் பத்தி எனக்குத் தெரியாதும்மா," என்றாள் நந்தனா, மெல்ல. "நெஞ்சப் பத்தித்தான் தெரியும்."

மறுநாள் வெள்ளி. லீலாபாய் காலையில் கத்தியை எடுத்துப் பசைத்தாளைச் சுரண்டிச் சன்னலைத் திறந்தாள். தூரத்தில் சிதறால் மலைப்பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. எப்படித் தொடங்குவது என்று வெந்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். மக்கா, அம்மைக்கு ஒரு தீனம் வந்தது. இல்லை. மக்கா, நீ உடனே ஒரு டாக்டர்ட்ட போணும். ஏன் என்பான். ஏன் இத்தனை நாள் சொல்லல்ல என்பான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

அவன் கூப்பிடுகிற நேரம் கடந்தது. சோறு ஆறியது. அவளே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

தூங்குவான். லீவு நாளல்லவா. உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பானோ? வெள்ளிக்கிழமை ஒன்றிலும் அவன் கூப்பிடாமல் இருந்ததில்லை.

கேட்டில் பூங்கனியின் குரல் கேட்டது. "ஏட்டி, சன்னலெல்லாம் தொறந்து கெடக்கு! இருக்கியா?"

"இரிட்டி, வாறேன்," என்றாள் லீலாபாய். மறுபடியும் அவன் எண்ணை அமுக்கிப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.