நானே எழுதிக் கொடுத்த கடிதம்

ஏறக்குறைய நான்கு வருஷங்களுக்கு முன் நம்முடைய ஜெபவீட்டில் எழுந்து நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். என் மகள் எஸ்தருக்கு எழுத்து ஏறாமல் இருந்தது, ஆண்டவர் அவளைச் சுகமாக்கிவிட்டார் என்றேன். அவளை முன்னால் நிறுத்தி, வேதப் புத்தகத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். அவள் ஒரு சங்கீதத்தைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். போதகர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சாட்சி பொய். எஸ்தர் அதை வாசிக்கவில்லை. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, மூன்று வாரம் அடுப்படியில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல அவளை மனப்பாடம் செய்யவைத்தேன். எந்த இடத்தில் விரலை நகர்த்த வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது எழுதுவது உண்மை. கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எஸ்தர் பாடசாலையில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, விசேட கல்வி பார்க்கும் புவனா டீச்சர் அவளைச் சில நாட்கள் பரிசோதித்து ஓர் அறிக்கை எழுதினார். என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"பிள்ளைக்கு அறிவு குறைவு இல்லீங்க. எழுத்துதான் அவளுக்குப் பிடிபடல. தனியா சொல்லிக்குடுத்தா வந்துரும்" என்றார்.

அந்தத் தனி வகுப்பைப் பிள்ளைகள் 'மக்கு ரூம்' என்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். என் மகள் அங்கே போகிறாள் என்று தெரிந்தால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கவே போக முடியாது என்று நினைத்தேன். பிள்ளைக்கு எழுத்து ஏறவில்லை என்று ஜெபவீட்டில் மட்டும் சொன்னேன். நீங்கள் மாதக்கணக்கில் ஜெபித்தீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "எஸ்தர் இப்ப வாசிக்கிறாளா?" என்று அன்பாகத்தான் கேட்டீர்கள். இல்லை, இல்லை என்று எத்தனை வாரம் சொல்வது? எனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று நினைப்பீர்களோ என்று பயந்தேன். அதனால்தான் அந்த நாடகம்.

ஒரு பொய்யோடு நிற்கவில்லை. டீச்சரின் அறிக்கையை அடுப்பில் போட்டேன். பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: என் பிள்ளையைக் கர்த்தர் சுகமாக்கிவிட்டார், அவள் பெயரை விசேட கல்விப் பதிவிலிருந்து எடுத்துவிடவும். கீழே கையெழுத்தும் போட்டேன்.

போன வருஷக் கடைசியில் அதற்கான கணக்கு வந்தது. எஸ்தர் ஐந்தாம் ஆண்டு முடிக்கிறாள், தன் பெயரைக்கூடப் பார்த்துத்தான் எழுதுகிறாள். பண்டாரவளையில் ஒரு பெரிய பாடசாலையின் விசேட பிரிவில் ஓர் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார்.

"பிள்ளையோட பழைய அறிக்கை எங்க? எந்த வயசுல கண்டுபிடிச்சாங்க, என்ன செஞ்சாங்கன்னு தெரியணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. இல்லாட்டி பதுளை ஆஸ்பத்திரியில புதுசா பரிசோதனை பண்ணணும். அதுக்கு நாள் கெடைக்க மாசக்கணக்காகும், அதுவரைக்கும் எடத்த வச்சிருக்க முடியாதுங்க."

அடுப்பில் போட்ட கடுதாசியை எங்கே போய்த் தேடுவேன்? ஜெபவீட்டில் விண்ணப்பத் துண்டு எழுதிப் போடவும் வழியில்லை. சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னவள் எந்த முகத்தோடு எழுதுவாள்? ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களின் துண்டுகளைப் போதகர் ஐயா வாசிக்க, நான் ஆமென் சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொழுந்து மலையில் நின்று தனியாக ஜெபித்தேன். ஆனால் அந்த ஜெபத்தைக் கேளுங்கள்: "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் அந்தப் பத்திரம் கிடைக்கவேண்டும்." இரண்டு நாள் இதையே கேட்டேன். மனதில் கொஞ்சமும் சமாதானம் வரவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்தது. இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே அழுதேன். "என் மானம் போனால் போகட்டும். பிள்ளைக்கு ஒரு வழி காட்டும்" என்றேன். அதுதான் நான் செய்த முதல் உண்மையான ஜெபம்.

வியாழக்கிழமை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் நேராக எஸ்தரின் பாடசாலைக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த தம்பி, பெற்றோர் எழுத்தில் கேட்டால் நகல் தரலாம் என்றார். "ஒங்களுக்குக் குடுத்தது என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

"லயத்துக் கூர ஒழுகி நனஞ்சு போச்சுங்க" என்றேன். வாயில் வந்துவிட்டது. மலையில் அழுத ஈரம் காயவில்லை, அதற்குள் இன்னொரு பொய். எங்கள் கூரையைச் சொன்னால் யாரும் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அதையே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

அந்தத் தம்பி அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்துத் திறந்தார். மேலே இருந்தது என் கடிதம். என் கையெழுத்து. அவர் வாசித்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நனையலங்க. நாந்தான் அடுப்புல போட்டேன்" என்றேன். எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக் கிழித்தேன். அவர் வேறொரு தாள் கொடுத்தார். அதில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

பிறகு கோப்பைப் புரட்டினோம். என் கடிதத்துக்குக் கீழே முதல் அறிக்கையின் பிரதி பத்திரமாக இருந்தது. அதோடு முடியவில்லை. அதற்குக் கீழே தவணைக்கு ஒரு தாள், மூன்று வருஷத்துக்கும் இருந்தது. எல்லாம் புவனா டீச்சரின் எழுத்து. இடைவேளைகளில் எஸ்தரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எந்த எழுத்தில் தடுமாறினாள், எப்படிச் சொன்னால் பிடித்துக்கொள்கிறாள், எல்லாம் குறித்து வைத்திருக்கிறார். ஒரு தாளில் இப்படி இருந்தது: "இன்று அழுதாள். காரணம் கேட்டேன். 'அம்மாகிட்ட சொல்லிறாதீங்க டீச்சர், எனக்கு நல்லாயிருச்சுன்னு அம்மா ஜெபவீட்டுல சொல்லியிருக்காங்க' என்றாள்."

நான் அந்த மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். என் பொய்யை என் பிள்ளை மூன்று வருஷம் சுமந்திருக்கிறாள்.

டீச்சரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பதிவுல இருந்து பேர எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். பிள்ள இங்கதான இருந்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று பின்னேரமே அதிபர் ஒவ்வொரு நகலிலும் முத்திரை குத்திக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். தவணைக் குறிப்புகளை அந்த அம்மா ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, "இது இருந்தா எங்க தொடங்கணும்னு எங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றார். எஸ்தருக்கு இடம் கிடைத்தது.

நான் கேட்பதற்கு மூன்று வருஷம் முன்பே ஆண்டவர் பதிலை எழுதத் தொடங்கிவிட்டார். நான் விரட்டிவிட்ட டீச்சரின் கையாலேயே எழுதினார்.

அந்த ஞாயிறு ஜெபவீட்டில் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. போதகர் ஐயா, "நாங்களும் வாரா வாரம் கேட்டு ஒங்கள நெருக்கிட்டோம்மா" என்றார். எனக்கு அது ஆறுதல்தான், ஆனால் குற்றம் என்னுடையது.

எஸ்தர் இப்போது பஸ் பலகையில் பண்டாரவளை என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். சில நாள் பஸ் போனபிறகுதான் படித்து முடிக்கிறாள். இருவரும் சிரித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது பிள்ளையின் பத்திரம் ஒன்றைப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தால், அதை வெளியே எடுங்கள். கையில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். அவர் வெட்கப்பட்டவர்களைத் தள்ளுகிறவர் அல்ல, எனக்குத் தெரியும். எஸ்தரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன்.

சாட்சியை மாற்றிச் சொன்ன அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, லயத்துக்குக் கிட்ட வந்ததும் எஸ்தர் என் கையைப் பிடித்தாள்.

"அப்ப இனிமே வாசிக்கிற மாதிரி வெரல நகத்த வேணாமாம்மா?" என்று கேட்டாள்.